மிச்ச மருந்தும் சிக்கனமும்

சிக்கனம் கூட்டுறவாளரின் முதற்பாடம். பாவில் எஞ்சிய நூலையும் களத்தில் சிந்திய நெல்லையும் வீணாக்காத குடும்பங்கள் நம்முடையவை. அந்தக் குணமே, நோய் தீர்ந்தபின் எஞ்சிய மாத்திரைகளையும் மாடத்தில் பத்திரப்படுத்தச் செய்கிறது. மறுமுறை காய்ச்சல் கண்டால் அவற்றை விழுங்குவதும், அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கொடுப்பதும் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் நாம் காணும் வழக்கம். இது சிக்கனமாகாது என்பது நமது கருத்து.

காலக்கெடு கடந்த மறுநாளே மருந்து நஞ்சாகிவிடுமா என்று உறுப்பினர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. பெரும்பாலான மாத்திரைகள் அவ்வாறு ஆவதில்லை. முறைப்படி பாதுகாத்தால் அந்நாள் வரை வீரியம் குன்றாது என்று தயாரிப்பாளர் அளிக்கும் உறுதிமொழியே காலக்கெடு. அமெரிக்க அரசின் சேமிப்பு மருந்துகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வின்படி, 122 வகை மருந்துகளின் 3,005 தொகுதிகளுள் 88 சதவீதம் கெடுவுக்குப் பின்னும் ஓராண்டேனும் தரம் குன்றாதிருந்தன. ஆனால் அவை பிரிக்கப்படாத சிப்பங்களில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குகளில் இருந்தவை. தறிக்கூடத்துத் தகரக் கூரையின் கீழும் அடுப்பங்கரை அலமாரியிலும் கிடந்தவற்றுக்கு அம்முடிவு பொருந்தாது.

சாயமிடுவோர் இதனை எளிதில் உணர்வர். திறந்த டப்பாவில் காற்றும் ஈரமும் பட்ட ஹைட்ரோஸ் வலிவிழக்கும். உழவர் பழைய விதையை விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதித்துக்கொள்ளலாம். மருந்தின் வீரியத்தைச் சோதிக்கவோ வீட்டில் வழியில்லை. நீர் கலந்த குழந்தைகளின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 7 முதல் 14 நாட்களே தாங்கும். திறந்த கண் சொட்டு மருந்தும், பெரும்பாலான இன்சுலின் வகைகளும் ஏறத்தாழ ஒரு மாதமே. நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் வலிவிழந்திருப்பின் உயிருக்கே ஆபத்து.

தேதியினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வீட்டில் மிஞ்சுவது ஏன்? பெரும்பாலும், மருத்துவர் சொன்ன நாட்களுக்குமுன் நிறுத்தியதால்தான். அம்மிச்சத்தைப் பின்னொரு நோய்க்கு நான்கைந்தாக உண்டால், நோய் ஒன்று, மருந்து வேறு என்றாகும், அளவும் போதாது. குறைந்த அளவு மருந்து கிருமிகளை எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். அவ்வாறு பழகிய கிருமி ஒரு வீட்டோடு நிற்பதில்லை; ஊரார்க்கும் பரவும்.

மருத்துவரிடம் செல்ல ஒருநாள் கூலி போகிறதே என்பர். உண்மைதான். ஆயினும் தவறான மருந்தால் நோய் முற்றினால் போவது ஒருநாள் கூலியோடு நில்லாது. குறையை உறுப்பினர்மீது மட்டும் சுமத்துவதும் நீதியன்று. ஐந்து மாத்திரை கேட்டவருக்குப் பத்து கொண்ட அட்டையை முழுதாக விற்கும் கடைகள் உள்ளன. மிச்சம் அங்கேயே பிறக்கிறது.

ஆகவே நமது யோசனைகள் இவை. கூட்டுறவு மருந்தகங்கள் சீட்டில் கண்ட எண்ணிக்கையே விற்க வேண்டும். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரையும் காலக்கெடுவையும் உறையில் எழுதித் தர வேண்டும். உறுப்பினர்கள் மருந்தை அதன் அட்டையிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத, வெப்பம் படாத இடத்தில் வைக்க வேண்டும். மிச்சத்தை மருத்துவரைக் கேளாமல் தாமும் உண்ணலாகாது, பிறர்க்கும் கொடுக்கலாகாது. சங்க அலுவலகங்கள் பூட்டிய பெட்டியொன்றை வைத்து, பழைய மருந்துகளைத் திரட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து முறைப்படி அழிக்க ஏற்பாடு செய்யலாம்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்துத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.