பழைய காரின் பம்பருக்குக் குரோம் பூசப் போகிறீர்களா?

எங்கள் வீட்டில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த தாத்தா வாங்கிய கார். அவருக்குப் பின் அப்பா ஓட்டினார். இப்போது சாலைக்கு எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை இயந்திரத்தை ஓடவிட்டுத் துடைத்து வைக்கிறோம். அதன் முன் பம்பர் கண்ணாடிபோல மின்னுகிறது. பின் பம்பரோ காரில் இல்லை. ஸ்டோர் அறையில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. காரைப் பார்க்கும் எல்லாரும் கேட்கிறார்கள், "பின்னாடி எங்க டீச்சர்?" என்று. இந்தக் கட்டுரையை என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை முதலில் திருத்திவிடுகிறேன். "குரோம் துருப்பிடித்துவிட்டது" என்பார்கள். குரோமியம் அப்படித் துருப்பிடிக்காது. காற்று பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அதை மூடிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் பழுப்புப் புள்ளி, அடியில் இருக்கும் எஃகின் துரு. அது மேலே உள்ள ஓட்டை வழியாகக் கசிந்து வந்திருக்கிறது.

நம் வீட்டுக் கவரிங் நகையை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பரும் அப்படித்தான். உள்ளே எஃகு. அதன் மேல் பெரும்பாலும் செம்பு, அதற்கும் மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். நிக்கல் படலம் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கலாம். குரோமியமோ ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லியது என்று புரியும். எஃகைக் காப்பது உண்மையில் நிக்கல்தான். குரோமியம் அந்த நிக்கல் மங்காமல் பார்த்துக்கொள்கிறது, நீலம் கலந்த அந்த வெண்பளபளப்பைத் தருகிறது. பெயர் மட்டும் முழுக்கக் குரோமுக்குப் போய்விட்டது.

நிக்கலில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் வினை தொடங்கிவிடும். தகரக் கூரையில் பூசியிருக்கும் துத்தநாகம் இரும்பைவிட வீரியமுள்ள உலோகம். கீறல் விழுந்தால் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அதற்கு நேர்மாறு. மழைநீர் புகுந்ததும் நிக்கலும் இரும்பும் ஒரு குட்டி மின்கலம்போல வேலை செய்யும். அதில் கரைவது இரும்பு. சுற்றிலும் பெரிய நிக்கல் பரப்பு, நடுவில் சின்னஞ்சிறு இரும்புப் புள்ளி என்பதால் அரிப்பு அந்த ஓர் இடத்திலேயே ஆழமாக இறங்குகிறது. நம் நாட்டு மழையும் புழுக்கமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இனி, மறுபடியும் முலாம் பூசுவது எப்படி என்பது. ஐந்தாம் படிவ அறிவியலில் மின்வேதியியல் பாடம் நடத்தும்போது நான் ஓர் இரும்புச் சாவியைச் செம்பு சல்பேட் கரைசலில் போட்டுக் காட்டுவேன். மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே சாவி சிவந்துவிடும். மாணவர்கள் கைதட்டுவார்கள். விரலால் தேய்த்தால் அந்தச் சிவப்பு கையோடு வந்துவிடும். இரும்பு கரைந்து செம்பை இடம்பெயர்த்ததால் வந்த பொடிப் படிவு அது, ஒட்டவே ஒட்டாது. இதே காரணத்தால் பட்டறைகளில் எஃகை நேரடியாக அந்தக் கரைசலில் இறக்குவதில்லை. முதலில் சயனைடு கலந்த செம்புத் தொட்டியிலோ அதற்கென உள்ள நிக்கல் தொட்டியிலோ மெல்லிய அடிப்படலம் ஒன்றை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆம், சயனைடுதான். பக்கத்திலேயே அமிலத் தொட்டிகளும் இருக்கும். இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் நீளமானது. பழைய முலாமை உரிக்க வேண்டும். ஒடுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்த வேண்டும். துருக்குழிகளை இழைத்து, மெருகேற்றி, மறுபடி மெருகேற்ற வேண்டும். முலாம் எந்தப் பள்ளத்தையும் மறைக்காது, எடுத்துக் காட்டும். நல்ல பட்டறையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு மெருகேற்றுபவரின் தோள்வலிக்குத்தான். கடைசியில் குரோமியத் தொட்டியில் பம்பர் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

நிக்கல் தொட்டியில் நேர்மின்வாயாக இருப்பது நிக்கல். அது கரைந்து வந்து பம்பரில் படிகிறது. பாடப்புத்தகத்தில் உள்ளபடியே நடக்கிறது. வழக்கமான குரோமியத் தொட்டியில் அப்படியில்லை. அங்கே நேர்மின்வாய் ஈயம். குரோமியம் கரைசலிலிருந்தே வருகிறது. லிட்டருக்கு 250 கிராம் அளவுக்குக் குரோமிக் அமிலமும் அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த செம்பழுப்பு நீர் அது. கொடுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குரோமியத்தைப் படியவைப்பதில்லை. மீதியில் பெரும்பகுதி நீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழ்களாக எழுப்புகிறது. குமிழ்கள் மேலே வந்து உடையும்போது அமிலத்தின் நுண்துளிகள் பனிபோலக் காற்றில் கலக்கின்றன.

அந்தக் கரைசலில் இருப்பது குரோமியம்-6. அணு அதே குரோமிய அணுதான். ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் அது எதையும் ஆக்சிஜனேற்றம் செய்யத் துடிக்கும். உயிரணுக்குள் எளிதில் நுழையும். மூன்று மட்டும் இழந்த குரோமியம்-3 அந்த அளவுக்குக் கேடு செய்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990லேயே குரோமியம்-6 சேர்மங்களை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தன. தெரிந்தும் முன் பம்பரை ஒரு பட்டறையில் கொடுத்தேன். விலை குறைவு, வேலை சுத்தம் என்று பழைய கார் நண்பர்கள் சொன்னார்கள். திரும்ப வாங்கப் போன அன்று, உள்ளேயிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என் பழைய மாணவன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் மட்டும் சரியாகப் பதில் சொல்கிறவன்.

"டீச்சர்! இது உங்க காடியா?" என்று சிரித்தான். கையுறை போட்டிருந்தான், விரல் நுனிகள் கிழிந்திருந்தன. கழற்றியபோது பார்த்தேன். விரல் கணுக்களில் வட்டவட்டமாகச் சின்னப் புண்கள், ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்து.

"வலிக்குதாடா?"

"வலிக்கவே இல்ல டீச்சர். காலையில மூக்கு சிந்துனாதான் கொஞ்சம் ரத்தம் வரும்."

வலிக்காது என்பதுதான் குரோமியப் புண்ணின் அடையாளம். மூக்கின் நடுச்சுவரிலும் அது இதே வேலையைச் செய்யும், கடைசியில் ஓட்டை போடும் வரை. பின்புறம் எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு மேல் காற்றை உறிஞ்சும் குழாய் எதுவும் இல்லை. கழுவிய நீர் சிமெண்டுத் தரையில் ஓடிக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கால்வாயின் ஓரம் மஞ்சளாக இருந்தது. மின்முலாம் பூசுவதன் பயன்கள் என்று இந்தப் பையனுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அழகு, துருப்பிடிக்காமை. இரண்டு புள்ளிகள், இரண்டு மதிப்பெண்.

மருந்தகத்துக்குப் போ, குரோம் பட்டறையில் வேலை என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல் என்றேன். சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் குரோமியப் பாதிப்பும் இருக்கிறது; மருத்துவரிடம் வேலையைச் சொல்லாவிட்டால் அது வெறும் தோல் நோயாகப் பதிவாகிவிடும். பணத்தைக் கட்டிவிட்டு பம்பரை ஏற்றிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், கேட்பது சரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் குரோமியம்-6க்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தொட்டியின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 130 கிராம் குரோமியம் இருக்கிறது. அந்த ஒரு லிட்டரை வெறும் நீர் ஊற்றியே அந்த அளவுக்குக் கொண்டுவர 26 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தைவிடச் சற்று அதிகம். பம்பரைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அதன் வளைவுகளில் ஒரு தேநீர்க் குவளை அளவு ஒட்டிவந்தாலும் எவ்வளவு ஆகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இதைச் சரிசெய்ய முடியாது என்பதல்ல. கழுவிய நீரை அமிலமாக வைத்து சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்தால் குரோமியம்-6, குரோமியம்-3 ஆகிவிடும். மஞ்சள் நீர் பச்சையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு காரம் சேர்த்தால் அது சேறாகக் கீழே படியும். அந்தச் சேறு நம் நாட்டுச் சட்டப்படி அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவர்தான் எடுத்துச்செல்ல வேண்டும். பழைய, எளிய வேதியியல். செலவு மட்டும்தான் தடை. அந்தச் செலவைச் செய்யாத பட்டறைதான் நமக்கு மலிவாகத் தெரிகிறது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. அது குரோமியம் அல்ல. ஆனால் அந்த வாரம் மூச்சுத்திணறிய பிள்ளைகளின் படங்களைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் கால்வாயில் நிற்கும் மஞ்சள் நீர் சாதாரணமாகத் தெரியாது.

ஆகவே என் கருத்து இது. பம்பரில் புள்ளித் துரு மட்டும் இருந்தால் முலாம் பூசவே வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மிருதுவானது. துருவை எடுக்கும், முலாமை எடுக்காது. காயவைத்து மெழுகு பூசுங்கள். பம்பரின் உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். குரோமியத் தொட்டியின் மின்னோட்டம் குழிவான இடங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. அங்கே முலாம் பெயருக்குத்தான் இருக்கும். துரு உள்ளேயிருந்துதான் வரும். துருத்தடுப்புச் சாயம் ஒரு பூச்சு போதும். "குரோம் ஸ்பிரே" என்று புட்டியில் விற்பது வெறும் வெள்ளிச் சாயம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முலாம் செதில்செதிலாக உரிகிறது, எஃகே தின்னப்பட்டுவிட்டது என்றால் எவர்சில்வர் பம்பர் வாங்கலாம். வியட்நாமில் செய்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மெர்சிடிஸ், வோல்வோ எனப் பலவற்றுக்குக் கிடைக்கிறது. எவர்சில்வரிலும் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் குரோமியம் உண்டே என்று என் மாணவர்கள் மடக்குவார்கள். உண்டு. அது உலோகமாக எஃகோடு கலந்து கிடக்கிறது, குரோமியம்-6 அல்ல. கீறல் விழுந்தாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். ஐம்பது வருடத்துச் சாப்பாட்டுத் தட்டு நம் வீட்டில் இன்னும் மின்னுகிறதே, அதே விஷயம். நிறம் மட்டும் குரோமின் நீலத்தைவிடச் சற்று வெளுப்பாக இருக்கும்.

அந்த நிறவேறுபாட்டைத்தான் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அசலை எடுத்துட்டு நகலை மாட்டுறதா?" என்கிறார். நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து எஃகு தடிமனானது. தாத்தா எங்கோ மரத்தில் இடித்த ஒடுக்கு இன்னும் அதில் இருக்கிறது. அசல்தான் வேண்டும் என்பவர்கள் முலாம் பூசட்டும். ஆனால் விலை கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தொட்டிக்கு மேல் காற்று உறிஞ்சி இருக்கிறதா, கழுவிய நீர் எங்கே போகிறது, சேற்றை யார் எடுக்கிறார்கள். குரோமியம்-3 முலாம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். சற்றுக் கருத்த சாயல் தரும் என்று பழைய கார்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கலிபோர்னியா மாநிலம் அலங்காரக் குரோமுக்கு குரோமியம்-6 பயன்படுத்துவதை 2027 முதல் நிறுத்தும் விதியை 2023இல் கொண்டுவந்துவிட்டது. பழைய கார்களைக் கொண்டாடுவதில் அவர்களைவிட நாம் பெரியவர்கள் அல்ல.

பையன் இப்போது அந்தப் பட்டறையில் இல்லை. கிடங்கு ஒன்றில் லோரிக்குச் சாமான் ஏற்றுகிறான். விரல்களில் தழும்பு இருக்கிறது, மூக்கு சரியாகிவிட்டது என்று செய்தி அனுப்பினான்.

பின் பம்பருக்கு இன்னொரு பட்டறையைப் பேசியிருக்கிறேன். முதலில் கேட்ட மூன்று இடங்களில் இரண்டு, என் கேள்விகளைக் கேட்டதும் போனை வைத்துவிட்டன. மூன்றாமவர், "வந்து பாருங்க டீச்சர், பச்சைத் தண்ணியைக் காட்டுறேன்" என்றார். முன்னதைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் போகிறோம். அப்பாவும் வருகிறார், அந்த ஒடுக்கை நிமிர்த்த வேண்டாம் என்று சொல்வதற்காக.