மழைக்கு முன் டயரைப் பாருங்கள்

2023-ஆம் ஆண்டு ஐப்பசியில் நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் இம்மாதம் தொடங்க வேண்டியிருக்கிறது. நம் மோட்டார் சைக்கிளின் பின் டயர் தேய்ந்திருப்பதைச் சித்திரையிலேயே கண்டோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினோம். பிறகு ஆடி, ஆவணி என்று காரணங்களும் வளர்ந்தன. முதல் மழையன்று மகளைப் பள்ளியில் விடச் சென்றபோது ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தோம். வண்டி நிற்கவில்லை; பின்புறம் ஒருபக்கமாக வழுக்கிச் சாய்ந்தது. மகளின் முழங்காலில் நான்கு தையல்கள். அதற்கு முந்தைய நாள்வரை அதே டயர், அதே சாலையில், ஒழுங்காகவே நின்றது.

அந்த ‘முந்தைய நாள்வரை’ என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. உலர்ந்த சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பரே, பட்டன் அன்று. வெயில் நாளில் பந்தய வண்டிகள் பட்டனே இல்லாத வழவழப்பான டயருடன் ஓடுகின்றன அன்றோ? பட்டன்களுக்கு நடுவேயுள்ள பள்ளங்களின் வேலை, டயருக்கும் சாலைக்கும் இடையில் அகப்படும் நீரை வெளியேற்றுவது. ஆதலால் கோடை முழுவதும் மொட்டை டயர் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் தூறலில் குழம்பும் வேளையில்தான் அது நம்மைக் கைவிடும்.

எப்போது மாற்றுவது என்பதை அறிய மெக்கானிக்கிடம் போகவேண்டியதில்லை. டயரின் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் சிறு ரப்பர் மேடு ஒன்று தென்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இந்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்குக் குறித்திருக்கும் எல்லை 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6. மழைக்காலம் நெருங்குமாயின் அந்த எல்லைவரை காத்திருக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டியில் டயரின் நடுப்பகுதிதான் முதலில் தட்டையாகும். ஓரத்துப் பட்டனைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். எஞ்சினின் இழுப்பும் பாரத்தின் பெரும்பகுதியும் பின் டயரைச் சேர்வதால், அதுவே விரைவில் தேயும்.

பட்டன் நிறைய இருந்தும் தகுதியிழந்த டயர் உண்டு. எப்போதாவது மட்டும் எடுக்கப்படும் வண்டியில் இதைக் காணலாம். வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அதே சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் அனுபவமுள்ளவரிடம் காட்டுவது நலம். புதிது என்று கடையில் தரும் டயரிலும் இந்த எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். குறைந்தால் ஓரங்கள் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஒருவர் செல்லும்போது எவ்வளவு, இருவர் செல்லும்போது எவ்வளவு என்று வண்டியோடு தந்த கையேட்டில் தனித்தனியே குறித்திருப்பார்கள். தகப்பன், தாய், நடுவே ஒரு பிள்ளை, டாங்கின்மேல் இன்னொரு பிள்ளை என்று நாம் போகும் போக்குக்கு அதில் கணக்கே கிடையாது!

டயரை மாற்றும்போது ட்யூபையும் மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னோக்கி ஓடுகையில் சக்கரம் சுழலும் திசையை அது காட்டுமாறு மாட்டுகிறார்களா என்று அருகிலிருந்து பாருங்கள். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்; முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் நிதானமாகச் செல்லுங்கள்.