குழந்தை வண்டி வாங்கப் போறீங்களா? முதலில் படிக்கட்டைப் பாருங்க!

2009-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரம். ஆஷ்பர்ட்டன் ரெயில் நிலையம்.

பிளாட்பாரத்தில் ஒரு தாய். கையில் குழந்தை வண்டி. அதில் ஒரு 6 மாதக் குழந்தை.

ஒரே ஒரு கணம்தான். தாய் கைப்பிடியை விட்டார். பிளாட்பாரம் தண்டவாளப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. வண்டி தானாக உருண்டது. தாய் பாய்ந்தார். எட்டவில்லை. வண்டி தண்டவாளத்தில் தலைகுப்புற விழுந்தது. எதிரே ரெயில்!

வண்டியைப் பல மீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு போய் ரெயில் நின்றது. எல்லோரும் பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை உயிரோடு இருந்தது! தலையில் ஒரு புடைப்பு. அவ்வளவுதான். காமிராவில் பதிவான அந்தக் காட்சி உலகம் முழுக்க ஓடியது.

குழந்தையை பெல்ட் போட்டு வண்டியோடு கட்டியிருந்தார்கள். அதனால் அது வெளியே தெறிக்கவில்லை. பெல்ட் காப்பாற்றியது. பிரேக்கைக் காலால் ஒரு மிதி மிதித்திருந்தால் வண்டி நகர்ந்தே இருக்காது.

போலீஸ் நிலையம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி வாசல் என்று சுற்றுகிற நிருபனுக்குக் குழந்தை வண்டியைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அக்கா வாங்கிய தேர்

என் அக்காவுக்கு ஒரு வயதில் பாப்பா. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மின்சார ரெயிலில் எட்டு ஸ்டேஷன். மாமாவுக்கு ஷிப்டு வேலை, லீவு கிடைக்காது. அக்காவுக்கு ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை. அதிலிருந்து இடுப்பு வலி. பாப்பாவை அரை மணி நேரம் தொடர்ந்து தூக்கிக்கொண்டு நடந்தால் ராத்திரி படுக்க முடியாது.

சரி, ஒரு வண்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பளபளவென்று ஒரு வண்டியைக் காட்டினார். மேலே குடை, முன்னால் பொம்மை வைக்கத் தட்டு, கீழே கூடை. "லைட் வெயிட்டுங்க மேடம். ஒரு விரல்ல தள்ளலாம்" என்று வழுவழுப்பான தரையில் தள்ளிக் காட்டினார். நிஜமாகவே ஒரு விரலில் போனது.

கடைத் தரையில் எதுதான் போகாது?

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். பத்து கிலோ! முதல் புதன்கிழமையே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. ரெயில் நிலையத்தில் லிப்ட் ரிப்பேர். ஓவர் பிரிட்ஜ் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இடுப்பில் ஒன்பது கிலோ பாப்பா. தோளில் பால் பாட்டிலும் துணியும் மருந்துச் சீட்டும் அடைத்த மூன்று கிலோ பை. இன்னொரு கையில் பத்து கிலோ வண்டி. ஆகமொத்தம் இருபத்திரண்டு கிலோ. கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டை! பாதிப் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். படியோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்தாராம்.

அந்தத் தேர் இப்போது பரணில் இருக்கிறது. பழைய போர்வைகள் அதில் சவாரி செய்கின்றன.

தள்ளுகிற வண்டி அல்ல, தூக்குகிற வண்டி

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் ஊரில் குழந்தை வண்டியைத் தள்ளுகிற நேரத்துக்குச் சமமாகத் தூக்குகிற நேரமும் இருக்கிறது. நடைபாதையில் பாதி தூரம் மோட்டார் சைக்கிள். மீதியில் டிரான்ஸ்பார்மர், பெயர்ந்த கல், மூடாத குழி. ஆகவே, வாங்குகிறவர் கடையில் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதை விட்டுவிட்டு, தூக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு!

இதைச் சொன்னால் சில கடைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டுமே. பணம் நம்முடையது.

சோதனை இதுதான். குழந்தை ஒரு கையில். மற்ற கையால் வண்டியை மடக்குங்கள். மடங்கியதா? அதே கையால் தூக்குங்கள். கடையின் மாடிப்படியில் பத்துப் படி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி வேண்டாம். குனிந்து இரண்டு கொக்கியை இரண்டு கையாலும் இழுத்தால்தான் மடங்கும் என்றாலும் வேண்டாம். ரெயில் வரும் நேரத்தில் குழந்தையை எங்கே வைப்பீர்கள்? பிளாட்பாரத்திலா?

லேசான வண்டி என்றால் 5 கிலோவிலிருந்து 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இதற்குமேல் போனால் அது லேசு இல்லை, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

விமானத்துச் சக்கரமும் வெட்டுப்பட்ட விரலும்

இந்த லேசு வண்டிக்கு ஒரு கதை உண்டு. ஓவன் மெக்லாரன் என்று ஒரு ஆங்கில என்ஜினீயர். இரண்டாம் உலகப்போரில் புகழ் பெற்ற ஸ்பிட்பயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்ததில் பங்குள்ளவர். தரையிறங்கும்போது விரிந்து, பறக்கும்போது மடங்கிக்கொள்ளும் சக்கரம்! 1965-ல் அதே மூளையை வைத்து அலுமினியக் குழாயில், குடை மாதிரி மடங்கும் குழந்தை வண்டியைக் கண்டுபிடித்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. இன்று நாம் பார்க்கும் குடை வண்டிகளுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

ஆனால் மடங்குகிற இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. மெல்பர்ன் சம்பவம் நடந்த அடுத்த மாதமே, 2009 நவம்பரில், அவர் தொடங்கிய அதே கம்பெனி அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. காரணம், வண்டியை விரிக்கும்போது பக்கவாட்டு மூட்டில் விரலை விட்ட குழந்தைகளின் விரல் நுனி துண்டாகிப் போனது! 12 குழந்தைகளுக்கு இப்படி ஆனதாகப் புகார். மூட்டை மூட ஒரு துணி உறையைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது.

ஆகவே வண்டியை விரித்து மடக்கும்போது மூட்டைப் பாருங்கள். வெறும் இரும்பும் இரும்பும் கத்தரிக்கோல் மாதிரி உரசுகிறதா? மேலே உறை இருக்கிறதா? உறை இருந்தாலும், குழந்தை பக்கத்தில் நிற்கும்போது விரிக்காதீர்கள், மடக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய வண்டி வாங்கினால் இதை இரண்டு தடவை பாருங்கள்.

பெல்ட் விஷயத்தில் சமாதானமே கூடாது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று, ஆக ஐந்து முனை பெல்ட் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள வண்டியில் குழந்தை வழுக்கி இறங்கிவிடும். பிரேக்கைப் போட்டுவிட்டு, ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி நன்றாகத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசைந்தால் அந்த வண்டி போகட்டும் விடுங்கள்.

நீங்கள் போவது எதில்?

விமானத்திலா, ரெயிலிலா? இதைக் கேட்காமல் எந்தக் கடைக்காரரும் வண்டி விற்கக் கூடாது என்பேன். யாரும் கேட்பதில்லை.

மடக்கினால் இரண்டு விதமாக ஆகும். ஒன்று, கம்பு மாதிரி நீளமாக ஆகும் குடை வண்டி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஆனால் ஒல்லி. இன்னொன்று, சூட்கேஸ் மாதிரி சதுரமாகச் சுருங்கும் பெட்டி வண்டி. விளம்பரம் எல்லாம் இப்போது இந்தப் பெட்டி வண்டிக்குத்தான். விலையும் அதற்குத்தான் அதிகம்.

விமானப் பயணிக்கு அது சரி. தலைக்கு மேல் உள்ள அறையில் போய்விடும். உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் கைப்பைக்குச் சொல்லும் பொதுவான அளவு 56 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 25 கனம். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இதைக் கூட்டிக் குறைக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். கடையில் டேப் வைத்து, சக்கரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

ஆனால் ரெயிலுக்கும் பஸ்சுக்கும் என் ஓட்டு கம்பு வண்டிக்கே! வெளியூர் ரெயிலில் சீட்டுக்கு அடியில் ஏற்கனவே நாலு பேருடைய சூட்கேஸ். பெட்டி வண்டிக்கு அங்கே இடம் ஏது? கம்பு வண்டியை இடுக்கில் நீளவாக்கில் சொருகிவிடலாம். மின்சார ரெயிலில் ஓரமாகச் சாய்த்து வைக்கலாம். ஆட்டோவில் காலடியில் கிடத்தலாம். விலையும் மூன்றாயிரம், நாலாயிரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று. குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டே ரெயிலில் ஏறாதீர்கள். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்தில் அந்தச் சின்னச் சக்கரம் சரியாகப் போய் மாட்டும். குழந்தையைத் தூக்குங்கள், வண்டியை மடக்குங்கள், பிறகு ஏறுங்கள். அந்த ரெயில் போனால் அடுத்தது வருகிறது.

லேசு வண்டியில் ஒரு தொல்லையும் உண்டு. கைப்பிடியில் மார்க்கெட் பையை மாட்டினால் பின்பக்கமாகக் குடை சாய்ந்துவிடும். குழந்தை இருக்கும்போது சாயாது, குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி சாயும். இல்லையென்றால் குழந்தை பின்னால் சாய்ந்த நேரத்தில் அதோடு சேர்ந்தே சாயும். பை உங்கள் தோளில் இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் குடை வண்டி கூடவே கூடாது. கழுத்தும் முதுகும் நிற்காத குழந்தை அதில் சுருண்டு போகும். முழுசாகப் படுக்கிற மாதிரி முதுகுப்பலகை இறங்கும் வண்டிதான் வேண்டும். அதுவரை அம்மா தோளை விட நல்ல வாகனம் கிடையாது.

வெயில் நேரத்தில் பலர் வண்டி மேல் துண்டைப் போர்த்தி மூடிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். 2014-ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி இருந்த சூடு, மெல்லிய துணியால் மூடிய அரை மணி நேரத்தில் 34 டிகிரி ஆனது! அது ஸ்வீடன். நம்ம ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வண்டியில் காற்றோட்டமான வலைத்துணி இருக்கிறதா என்று பாருங்கள். குடை நீட்டமாக இருந்தால் போதும். மூடாதீர்கள்.

லிப்ட் இருக்கிற ஊரில்

நியாயமாகப் பார்த்தால், ஒரு தாய் எத்தனை கிலோ தூக்க முடியும் என்று கணக்குப் போட்டு வண்டி வாங்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது. 2015-ல் ஓட ஆரம்பித்த சென்னை மெட்ரோவில் நிலையத்துக்கு நிலையம் லிப்ட் இருக்கிறது. அகலமான கேட் இருக்கிறது. அங்கே பத்து கிலோ வண்டியும் ஓடும். 2024-லிருந்து தாழ்தள பஸ்களும் மறுபடி வந்திருக்கின்றன. படி ஏறாமல் உள்ளே போகலாம். ஆனால் மெட்ரோவை விட்டு வெளியே வந்த இருபதாவது அடியில் நடைபாதை முடிந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்ய? சக்கர நாற்காலியில் போகிறவர் வருஷக்கணக்காகக் கேட்கிற கேள்வி இது. குழந்தை வண்டி தள்ளுகிறவருக்கு இரண்டு வருஷத்தில் பிரச்சினை தீர்ந்துவிடும், அவருக்குத் தீராது.

அக்காவுக்கு இரண்டாவது வண்டி வாங்கியாகிவிட்டது. கம்பு வண்டி, ஐந்தரை கிலோ. கடையில் அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியதைக் கடைப் பையன்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சக்கரம் சின்னது, கல்லில் தடதடக்கிறது. மேல் குடை பேருக்குத்தான் இருக்கிறது, ஒரு தொப்பி தனியாக வாங்க வேண்டியிருந்தது. பரவாயில்லை என்கிறாள்.

வரும் புதன்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. "டேய், காலையில வேலைக்குப் போறப்ப ஸ்டேஷன் லிப்ட் ஓடுதான்னு பாத்துட்டு ஒரு போன் பண்ணுடா" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.