பெயர் மறைந்த வண்டியைப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்!



எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். "பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பார்க்க வேண்டும்." இதில் குறை காண ஒன்றுமில்லை. ஜொகூரில் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் என எங்கு குடியிருந்தாலும், பேருந்தை மட்டும் நம்பி நேரத்திற்கு வேலைக்குப் போய்ச் சேர்வது கடினம். சிங்கப்பூருக்கு நாள்தோறும் பாலம் கடந்து போய் வரும் இளைஞனுக்கோ மோட்டார் சைக்கிளே கை, கால் எல்லாம். பதினாறு வயதில் 'பி2' உரிமம் எடுத்து 250 சிசி வரையிலான வண்டியை ஓட்டலாம் என்று சட்டமும் இடம் தருகிறது.

நான் வழக்காட வருவது அடுத்த கட்டத்தைப் பற்றி. கையில் இருக்கும் பணத்திற்குப் பளபளப்பான பழைய வண்டி ஒன்று அகப்படுகிறது. பெயர் சற்றுப் புதுமையாக இருக்கிறது. அதே விலைக்கு வரும் ஹோண்டாவைவிட வயது குறைவு, தோற்றமும் எடுப்பு. "உதிரிப்பாகம் எல்லாம் கிடைக்கும், கவலையே வேண்டாம்" என்கிறார் விற்பவர். அப்பா தலையை ஆட்டுகிறார். அந்த வண்டியைச் செய்த நிறுவனம் இன்று இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நேரிடையாகவே சொல்லிவிடுகிறேன். செய்த நிறுவனமே இல்லாமற்போன வண்டியை, அன்றாடம் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு வாங்கித் தருவதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். நாம் மிச்சம் பிடித்த பணத்தைப் பிள்ளை தவணை முறையில் கட்டுகிறான். அவ்வளவுதான்.

'முன்னோடி'யின் கதை

மலாய் மொழியில் 'பெரிந்திஸ்' என்றால் முன்னோடி. 'எம்ஸெட் பெரிந்திஸ் 120' என்று ஒரு மோட்டார் சைக்கிள் நம் நாட்டில் விற்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். எம்ஸெட் என்பது சாதாரணப் பெயரன்று. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்னும் சிற்றூரில் பிறந்த மரபு அது. ராஸ்முசென் என்ற டென்மார்க் நாட்டவர் அங்குத் தொடங்கிய டி.கே.டபிள்யூ. நிறுவனம், 1920களின் இறுதியில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தி நிறுவனமாக விளங்கியது. உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் அந்த ஆலையே எம்ஸெட் ஆனது.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் நிறுவனம் தள்ளாடியது. 1996-இல் மலேசியாவின் ஹோங் லியோங் குழுமம் அதனை வாங்கியது. ஜெர்மானிய மரபு மலேசியர் கைக்கு வந்தது நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை வேறு, வணிகம் வேறு. 2008 இறுதியில் சோப்பாவில் உற்பத்தி நின்றது. 2009-இல் மார்ட்டின் விம்மர், ரால்ஃப் வால்ட்மன் என்னும் இரு முன்னாள் பந்தய வீரர்கள் அதை வாங்கி உயிரூட்ட முயன்றனர். 2012-இல் அந்த முயற்சியும் திவாலில் முடிந்தது.

ஏறத்தாழ நூற்றாண்டு மரபும், பெருங்குழுமத்தின் பணமும் சேர்ந்தும் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படியிருக்க, ஓரிரு ஆண்டுகள் மட்டும் விளம்பரத்தில் மின்னிவிட்டுப் போகும் பெயர்களை நம்பி நாம் எந்தத் துணிவில் பணத்தைக் கட்டுகிறோம்?

எல்லாப் பாகமும் ஒன்றல்ல

"என் வண்டியும் அப்படிப்பட்டதுதான், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. உதிரிப்பாகங்களை மூன்று குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலாவது, பொதுச் சொத்து. டயர், டியூப், சங்கிலி, பேட்டரி, ஸ்பார்க் பிளக், விளக்கு, பேரிங், எண்ணெய் சீல் ஆகியவை. இவற்றுக்கு அளவும் எண்ணும் உண்டு. பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். வண்டியின் பெயரை அவர்கள் கேட்கமாட்டார்கள். இவ்வகைப் பாகங்கள் கிடைப்பதைக் காட்டித்தான் "எல்லாம் கிடைக்கும்" என்கிறார் விற்பவர்.

இரண்டாவது, ஒட்டு உறவு. பிரேக் பேட், கிளச் கம்பி, கார்புரேட்டர் போன்றவை. கைதேர்ந்த மெக்கானிக் வேறொரு வண்டியின் பாகத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பொருத்திவிடுவார். பொருந்துவதும் உண்டு, பொருந்தியதுபோல் இருப்பதும் உண்டு.

மூன்றாவது, தனிப்பிள்ளை. சிடிஐ பெட்டி, ஸ்டேட்டர் காயில், மின்கம்பித் தொகுதி, கிராங்க், கியர் பற்சக்கரங்கள், சிலிண்டர் ஹெட் ஆகியவை அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டவை. நிறுவனம் மறைந்தால் இவை அனாதை. இவற்றுள் ஒன்று கெட்டால் போதும், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி சுவரோரம் சாய்ந்துவிடும்.

இதில் இன்றைய தலைமுறை வண்டிகளின் நிலை இன்னும் மோசம். கார்புரேட்டர் காலத்து வண்டியை ஊசி, நூல் கொண்டு தைப்பதுபோல் எப்படியாவது ஓட்டிவிடலாம். எரிபொருள் உட்செலுத்தும் முறையில் இயங்கும் வண்டியில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எரிபொருள் பம்பு, உணரிகள் என்று பல உள்ளன. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு அந்த எஞ்சினுக்கென்றே எழுதப்பட்டது. வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் வேலை செய்யாது. ஆகவே "புதிய வண்டி, வயது குறைவு" என்ற வாதம் இங்குத் தலைகீழாகிவிடுகிறது. நிறுவனம் மறைந்துபோன வண்டிகளில் புதியதே விரைவில் முடங்கக்கூடியது.

நின்றுபோன வகை வேறு, மறைந்துபோன நிறுவனம் வேறு

பழைய வண்டி வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரித்துப் பொருள் கொள்ள வேண்டாம்.

யமஹா ஆர்எக்ஸ்-ஸெட் வண்டியின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. இருந்தும் பட்டி தொட்டியெங்கும் அதற்குப் பாகம் கிடைக்கிறது. ஏன்? யமஹா இருக்கிறது, வண்டிகளும் ஏராளமாகச் சாலையில் இருக்கின்றன. வாங்குவோர் இருக்கும்வரை செய்வோரும் இருப்பார்கள். கெடாவின் குருணில் உருவான மொடெனாஸ் நிறுவனம் 1996-இல் கவாசாக்கியின் தொழில்நுட்பத் துணையுடன் 'கிரிஸ்' வண்டியைக் கொண்டு வந்தது. அதற்குப் பாகம் தேடி யாரும் அலைவதில்லை. அதே நிறுவனத்தின் 'ஜாகோ', 'டினாமிக்' போன்ற வகைகளுக்கு நிலைமை அப்படியன்று. ஒரே நிறுவனம்தான், ஆனால் எண்ணிக்கை வேறு.

பெயர் மாறியும் குடும்பம் தொடர்வதுண்டு. மொடெனாஸ் பெயரில் 2017-இல் வந்த 'பல்சர்' வண்டிகள் இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்துடையவை. அவற்றின் தாய்வீடு பூனாவில் இருக்கிறது. 2020-இல் ஹார்லி-டேவிட்சன் இந்தியாவில் தன் ஆலையை மூடியபோது, விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிப்பாகப் பொறுப்புகளை ஹீரோ மோட்டோகார்ப் ஏற்றுக்கொண்டது. வெளியேறுபவர் ஒரு வாரிசை நிறுத்திவிட்டுப் போனால் வாங்கியவன் தப்பிப்பான்.

ஆனால், பெயர் மட்டும் திரும்பி வருவதை வாரிசு என்று எண்ணிவிடாதீர்கள். மைசூரில் 'ஐடியல் ஜாவா' ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018-இலும், யெஸ்டி என்ற பெயர் 2022-இலும் இந்தியச் சந்தைக்குத் திரும்பின. பழைய வண்டியோ இருவீச்சு எஞ்சின், புதியதோ நான்குவீச்சு எஞ்சின். பழையதற்குப் புதியதிலிருந்து எஞ்சின் பாகம் எடுக்க வழியில்லை. பழைய யெஸ்டிகள் இன்றும் ஓடுவதற்குக் காரணம், அவற்றை நேசிக்கும் கூட்டமும், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளும்தான். உங்கள் பிள்ளையின் வண்டிக்கு அப்படியொரு கூட்டம் உண்டா?

மறுப்புகளும் என் மறுமொழியும்

"நாங்கள் ஏழைகள், சார். வேறு வழியில்லை." இந்தச் சொல் என்னைச் சுடுகிறது. ஏழைக்குத்தான் நான் இதைச் சொல்கிறேன். பணம் படைத்தவனுக்கு வண்டி நின்றால் இன்னொரு வண்டி இருக்கும். ஆறாம் ஆண்டுக் கணிதம் போல ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. பெயர் மறைந்த வண்டி 2,000 ரிங்கிட், பழைய ஹோண்டா இஎக்ஸ்5 வண்டி 3,000 ரிங்கிட் என்று கொள்வோம். மிச்சம் 1,000. பாகத்திற்காக வண்டி பத்து வேலை நாள் நின்றுபோகிறது. ஒரு நாள் சம்பளம் 100 ரிங்கிட் என்றால் மிச்சம் அத்துடன் தீர்ந்தது. பாகத்தின் விலை, கூலி, இரவல் வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் இனிமேல்தான். பிறகு விற்கப் போனால் இஎக்ஸ்5 வாங்க ஆளிருக்கும். மற்றதை எடைக்குத்தான் போட வேண்டும்.

"இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே?" கிடைக்கும். படம் போட்டிருப்பதெல்லாம் கையிருப்பு என்று பொருளன்று. "பொருந்தும்" என்று எழுதியிருப்பதெல்லாம் பொருந்துவதுமில்லை. கண்ணாடியோ மூடியோ தவறாக வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பிரேக் பாகம் தவறாக இருந்தால்? நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தக் கணக்கில் சேரும் வாய்ப்பை நாமே பிள்ளைக்கு வாங்கித் தர வேண்டுமா?

"வேறு வண்டியின் எஞ்சினைப் போட்டுக்கொள்ளலாம்." எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யிடம் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் ஓட்டுவது குற்றம். அதைவிடக் கொடுமை, ஆவணமில்லாமல் மலிவாக வரும் எஞ்சின் யாருடைய வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று தெரியாது. வேறொரு தொழிலாளியின் திருடுபோன வண்டியாகக்கூட இருக்கலாம்.

என் முன்னாள் மாணவர் ஒருவர் சிடிஐ பெட்டி ஒன்றிற்காக மூன்று மாதம் காத்திருந்தார். விற்ற கடைக்காரர் முதல் வாரம் "வரும்" என்றார். இரண்டாம் மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அந்த இளைஞர் நண்பரின் பின்னிருக்கையில் விடியற்காலையில் பாலம் கடந்தார். நண்பருக்கு வேலை நேரம் மாறியபோது வேலையையே விட்டார். பெட்டி வந்ததா என்று பிறகு நான் கேட்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது?

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பொருளை விற்ற பின், நியாயமான காலம்வரை, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமாகக் கிடைப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க இனிக்கிறது! ஆனால் எத்தனை ஆண்டு என்பது நியாயமான காலம்? சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. "பாகம் தருவதாக நாங்கள் பொறுப்பேற்கவில்லை" என்று வாங்குமுன் தெரிவித்துவிட்டால் அந்த உறுதியும் பொருந்தாது. வணிகம் செய்யாத தனியாள் விற்றால் இந்தச் சட்டம் உதவிக்கு வராது. நிறுவனமே கலைந்துபோனால் யார் மீது வழக்குத் தொடுப்பது?

கடையில் வாங்கியவர்களுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். அதைப் பயன்படுத்துங்கள். அத்துடன், மோட்டார் சைக்கிளுக்கு இத்தனை ஆண்டு பாகம் தர வேண்டும் என்று எண்ணாலேயே சட்டம் எழுதும்படி நம் மக்கள் பிரதிநிதிகளைக் கேளுங்கள். 'நியாயமான' என்ற சொல் வசதி உள்ளவனுக்கு வளைந்து கொடுக்கும். ஏழைக்கு எண்தான் காவல்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்த பரம்பரை நாம். வண்டிக்கும் பல் உண்டு.

1. முன்பணம் கொடுக்குமுன், விற்பவரிடம் கேட்காமல், அவருக்குத் தொடர்பில்லாத உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். சிடிஐ அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டேட்டர் காயில், கிளச் தட்டு, பிரேக் பேட் ஆகிய நான்கையும் கேளுங்கள். "இருக்கிறது" என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. உங்கள் வட்டாரப் பட்டறைக்காரரிடம் "இந்த வண்டியை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அதுவே விடை.

3. அந்த எஞ்சினின் தாய்வீடு எது என்று கண்டறியுங்கள். இன்றும் இயங்கும் நிறுவனத்தின் எஞ்சின் என்றால் ஓரளவு நம்பலாம்.

4. கெரானில் உள்ள எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. ஒரு வாரம் சாலையோரம் நின்று எண்ணுங்கள். அந்த வண்டி எத்தனை முறை கண்ணில் பட்டது?

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கிற்காக அரிய வண்டியைத் தேடிப் பிடித்துப் பராமரிப்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அவர்களுக்குப் பாகம் தேடுவதே இன்பம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலை வாயிலில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அந்த இன்பம் வேண்டாம்.

ஆசிரிய நண்பர்களே, பணம் என்னும் தலைப்பைக் கணிதப் பாடத்தில் நடத்துகிறோம். கழிவு, இலாபம், நட்டம் எல்லாம் கரும்பலகையில் கணக்கிடுகிறோம். அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது, வாங்கும் விலையுடன் பராமரிப்பு விலையையும் சேர்த்து ஒரு கணக்கு கொடுங்கள். இன்று நம் வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் நான்கே ஆண்டில் உரிமம் எடுக்கும் வயதை எட்டிவிடுவான். அப்போது வீட்டில் அந்த உதிரிப்பாகக் கேள்வியைக் கேட்பவன் அவனாகவே இருக்கட்டும்.