குறி பார்த்தவர்களும் நனைந்தவர்களும்



போன மடலில் வந்த 'நாமும் சுடக் கற்கணும்' கடிதத்துக்கு இது பதில். அதை எழுதிய தோழர் என் நெருங்கிய நண்பர். அவர் புகழ்ந்து எழுதிய அந்த புஜைரா வார இறுதிப் பயிற்சியில் நானும் இருந்தேன், ஒன்பது பேரில் ஒருத்தியாக. அதே இரண்டு நாள், அதே மழைதான். ஆனாலும் அவர் கடிதத்தைப் படிக்கும்போது நான் வேறு எங்கோ போய் வந்த மாதிரி இருந்தது.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அது ராணுவப் பயிற்சி எதுவும் இல்லை. மலையேற்றம், கயாக், வில்வித்தை எல்லாம் விற்கிற ஒரு கம்பெனி, காற்றுத் துப்பாக்கியால் குறி சுடக் கற்றுத்தருகிற இரண்டு நாள் பேக்கேஜும் வைத்திருந்தது. ஆளுக்கு 650 திர்ஹம், மதியச் சாப்பாடு உட்பட. டிசம்பர் லீவுக்கு அம்மா அப்பாவைப் பார்க்க வளைகுடாவுக்கு வந்த நாங்கள், வருஷம் பூரா அரசியல் பேசிக் களைத்துப்போய், ஒரு மாறுதலுக்காகப் போனோம். பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தோழர் அதைப் புரட்சிகர ஒழுக்கத்தின் பள்ளி என்று எழுதிவிட்டார். சண்டை அங்கேதான்.

இடம் மசாஃபிக்கும் திப்பாவுக்கும் நடுவில், ஹஜர் மலை அடிவாரத்தில், ஒரு வாதியின் கரை. வாதி என்றால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் கல்லாகக் கிடந்து, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாறு. முதல் நாள் காலையிலேயே மேகம் மலையில் இறங்கிவிட்டது. ஓய்வுபெற்ற ராணுவக்காரரான பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, மழை நல்லது, போர் வெயில் பார்த்து நடக்காது என்றார். நண்பரின் கடிதத்தில் இந்த வரி தடித்த எழுத்தில் இருக்கிறது.

படுத்துச் சுட வேண்டும். முழங்கை ஊன்றணும், மூச்சை பாதி விட்டு நிறுத்தணும், விசையை இழுக்காமல் மெல்ல அழுத்தணும். கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைப் பார்க்க முடியாது, அதனால் துப்பாக்கி முனையில் இருக்கிற சின்ன முள்ளைக் கூர்மையாகப் பார்க்கணும், தூரத்தில் இருக்கும் இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். ஈயக் குண்டு ரொம்ப லேசு, கொஞ்சம் காற்றடித்தாலே இடம் மாறிடும். இதையெல்லாம் கற்றது எனக்கும் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இனி நண்பர் எழுதாத பகுதி. நாங்கள் ஒன்பது பேரும் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே பாயில் படுத்திருந்தோம். 25 மீட்டர் தள்ளி, கூரை இல்லாத இடத்தில், இலக்கு அட்டைகளை மாற்ற நாலு பேர். இரண்டு நேபாளிகள், ஒரு பங்களாதேஷி, ஒரு பரமக்குடிக்காரர். மழைக்கோட்டு கிடையாது, குப்பைப் பையில் ஓட்டை போட்டுத் தலை வழியா மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓடிப்போய்க் கூழாகிப்போன அட்டையைக் கிழித்துப் புது அட்டை குத்தணும். அந்த அட்டை ஒரு சுற்றுக்குமேல் தாங்காது. நான் சுட்டது மொத்தம் இருபது சுற்று. ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டுக்கோங்க.

இரண்டாம் நாள் மதியம் மலைப்பக்கம் இடி கேட்டது. வாதியில் காப்பி நிறத்தில் தண்ணீர் வர ஆரம்பித்தது. எங்களை உடனே கார்களுக்கு அனுப்பினார்கள். நாலு பேரையும் ஸ்டாண்டுகளை எடுத்துவரச் சொன்னார்கள். மழை நேரத்தில் வாதி, அணைப் பக்கம் கூடினாலே 1,000 திர்ஹம் அபராதமும் 6 கரும்புள்ளியும், வெள்ளம் ஓடும் வாதிக்குள் இறங்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல் என்று 2023 மே மாதம் அறிவித்தார்கள். எங்கள் கார்களுக்கு அந்தச் சட்டம் நல்லாவே ஞாபகம் இருந்தது. ஆறு ஸ்டாண்டில் மூன்று வந்தது, மூன்றைத் தண்ணீர் கொண்டுபோனது. நாலு பேரும் கரையேறினார்கள். நாங்கள் ஏசி போட்ட காரிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் புஜைராவில் பிறந்தவள். இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும். 2022 ஜூலை 27-ஆம் தேதி பெய்த மழையில் புஜைரா துறைமுகத்தில் 255 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. வழக்கமாக இரண்டு வருஷத்திலும் அவ்வளவு பெய்யாத ஊர். ராணுவம் இறங்கியது, நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டல்களிலும் முகாம்களிலும் தங்கினார்கள். ஏழு பேர் செத்தார்கள். உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விவரம் ஒரே வார்த்தை: ஏழு பேரும் 'ஆசிய நாட்டினர்'. தெருவில் மிதந்த கார்களுக்கு நடுவே சோறு பொட்டலம் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் மலையாளி சங்கத்து ஆட்களைப் பார்த்தேன், பாகிஸ்தானி டிரைவர்களைப் பார்த்தேன். வாட்ஸாப் குரூப்பில் எந்த பேச்சிலர் ரூமில் எத்தனை பேர் மாட்டியிருக்காங்க என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒழுக்கம், பொறுமை, தோழமை என்று நண்பர் எழுதிய மூன்று சொல்லும் எனக்குப் பொருளோடு தெரிந்தது அந்த வாரத்தில்தான்.

துப்பாக்கி இந்த ஊரில் வெறும் விளையாட்டுச் சாமானும் இல்லை. 2014-இல் அமீரகம் தன் ஆண் குடிமக்களுக்குக் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஏமன் போர். 2015 செப்டம்பர் 4-ஆம் தேதி மாரிபில் ஒரே ஏவுகணைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட அமீரக வீரர்கள் இறந்தார்கள். அமீரகத்தின் வசதி குறைந்த வடக்குப் பகுதி வீடுகளில்தான் அதிகமாக ஒப்பாரி கேட்டது. மசாஃபி ரோட்டில் வார இறுதிக்கு வருகிற நமக்கு இது சாகசம். அங்கே குடியிருப்பவர்களில் சிலருக்குச் சுவரில் மாட்டிய மகன் படம்.

வார இறுதித் துப்பாக்கிக்கு நம் சரித்திரத்திலும் ஒரு முகவரி இருக்கிறது. 1900-இல் இலங்கையில் 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்' தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் வெள்ளைக்காரத் தோட்ட துரைமார். முழுநேரச் சிப்பாய்கள் இல்லை, தொண்டர்கள். வேலை நாளில் கொழுந்து நிறுப்பார்கள், ஓய்வு நாளில் குறி சுடுவார்கள். மலையக மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அவர்களும் நனைந்துதான் பழகியிருப்பார்கள், அதிலும் ஒழுக்கம் தோழமை எல்லாம் இருந்திருக்கும். போயர் யுத்தத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 1915 கலவரத்தில் ராணுவச் சட்டம் வந்தபோது, இந்த மாதிரி ஐரோப்பியத் தொண்டர்கள் சிங்களக் கிராமங்களில் செய்ததைப் பற்றி பொன்னம்பலம் இராமநாதன் 1916-இல் லண்டனில் ஒரு புத்தகமே வெளியிட வேண்டியிருந்தது. சுற்றிலும் தேயிலைக்குள் நின்ற நம் ஆட்கள் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டுக்கொண்டே லயத்தில் படுத்திருப்பார்கள். சுடத் தெரிந்த துரை என்பதே பாதி நிர்வாகம்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளியை போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தத் தொழிலாளிகளிடம் துப்பாக்கி இல்லை, சங்கம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் ஊவா வரைக்கும் வேலைநிறுத்தம் பரவியது. துரைமார் பயந்தது எதற்கு என்று யோசித்துப் பாருங்க.

நண்பர் கடிதத்தில் ஒரு இடத்தில் 'நம் அண்ணன்மார் ஒரத்தநாட்டிலும் கொளத்தூரிலும் இதைத்தான் கற்றார்கள்' என்று வருகிறது. இதை நான் சும்மா விட முடியாது. 1983-க்குப் பிறகு எரிந்த வீட்டை விட்டு ஓடிவந்த பையன்கள் தமிழ்நாட்டு முகாம்களில் பயிற்சி எடுத்தார்கள். அவர்களுடைய கோபத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன், ஏன் வந்தார்கள் என்று எனக்குப் புரியும். ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த புளொட் முகாம்களில் கேள்வி கேட்ட சொந்தத் தோழர்களையே சித்திரவதை செய்தார்கள். தப்பி வந்தவர்களில் ஒருவரான கோவிந்தன் 1985-லேயே அதை 'புதியதோர் உலகம்' என்ற நாவலாக எழுதினார். 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவைத் தாக்கினார்கள், சில நாட்களில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பையன்கள் தமிழ்ப் பையன்களால் கொல்லப்பட்டார்கள். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி, 'முறிந்த பனை' எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். இவர்கள் எல்லாரையும் சுட்டவர்களுக்குக் குறி பார்க்க நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார்கள். யாரைச் சுடுவது என்று முடிவெடுக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை யார் கேள்வி கேட்டிருக்க முடியும் என்பதற்கு எந்த முகாமிலும் வகுப்பு நடக்கவில்லை. நண்பர் அந்தப் பெயர்களை ஒரு அலங்காரமாக இழுத்து வந்திருக்கிறார். அந்த முகாம்களிலிருந்து திரும்பாதவர்களின் அம்மாக்கள் இன்னும் டொரொண்டோவிலும் லண்டனிலும் உயிரோடு இருக்கிறார்கள்.

'அப்போ நீ காந்தியவாதியா' என்று கேட்பீர்கள். இல்லை. 1964-இல் லூசியானாவில் 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்று கறுப்பினத் தொழிலாளிகள் கூடித் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள், க்ளான் கூட்டம் தயங்கியது. அவர்கள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காவலுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க இருந்தது, சர்ச் இருந்தது, வாக்குரிமைக்காக வேலையை இழந்த ஆட்கள் இருந்தார்கள். யாரைக் காக்கிறோம் என்று அவர்களுக்குப் பேர் பேராகத் தெரியும். எங்களுக்கு அட்டை மாற்றிக் கொடுத்த நாலு பேரின் பெயரை இரண்டு நாளில் கேட்டவர்கள் ஒன்பது பேரில் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான் என்று பெருமைப்படுவதற்கும் இல்லை, கேட்டது இரண்டாம் நாள் சாயந்திரம்தான், அதுவும் தண்ணீரைப் பார்த்துப் பயந்த பிறகு.

பாலஸ்தீனத்தோடு தோழமை என்றும் கடிதம் சொல்கிறது. அபுதாபி 2020-இல் இஸ்ரேலோடு கைகுலுக்கிய நாட்டில், கம்பெனிக்கு 650 திர்ஹம் கட்டி அட்டையைச் சுடுவது எந்த வழியில் காஸாவுக்குப் போய்ச் சேருகிறது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

பரமக்குடி அண்ணன் எண்ணை வாங்கிவைத்திருந்தேன். ஜனவரி முதல் வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அடித்துப்போன மூன்று ஸ்டாண்டுக்காக அவர் சம்பளத்தில் 450 திர்ஹம் பிடித்துவிட்டார்கள். அவர் சம்பளம் 1,100.

அந்த ராத்திரி எங்கள் குரூப்பில் கேட்டேன்: இப்படிப் பிடிக்கலாமா? ஒன்பது பேர். இரண்டு பேர் சட்டம் படிக்கிறார்கள், ஒருவர் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்டம் செய்கிறார், நான் புலம்பெயர் உழைப்பைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதுகிறேன் (சிரிக்காதீங்க). ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூச்சை எந்த நொடியில் நிறுத்தணும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் புஜைராவில் இருபது வருஷமாக மனு எழுதிக்கொடுக்கிற ஒரு மலையாளி மாமாதான் சொன்னார். 2021-ஆம் வருஷத்து 33-ஆம் எண் சட்டம் இருக்கிறது, 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ளது. சேதத்துக்காகப் பிடிக்கணும்னா அது தொழிலாளியின் தவறால் நடந்த சேதமாக இருக்கணும். மலையில் பெய்த மழை யார் தவறு? 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட தகராறுகளில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், அதை நிறைவேற்றவும் வைக்கலாம். இந்த நாட்டில் சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. திப்பா என்கிற ஒரே ஊர் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது, ஒரு துண்டு புஜைராவுக்கு, ஒரு துண்டு ஷார்ஜாவுக்கு, ஒரு துண்டு ஓமனுக்கு. ஓமன் துண்டில் 2006-லிருந்து தொழிற்சங்கம் சட்டப்படி உண்டு. நாங்கள் சுட்ட இடத்திலிருந்து கொஞ்ச நேர கார்ப் பயணம். இதுவும் எங்களுக்கு மாமா சொல்லித்தான் தெரியும்.

அண்ணனிடம் சொன்னேன். "வேணாம் தங்கச்சி, பிப்ரவரில விசா புதுப்பிக்கணும். இப்ப புகார் குடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க. ஊர்ல கடன் நிக்குது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒருத்தர் தனியாகப் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கம்பெனியில் இதே மாதிரிப் பிடிக்கப்பட்டவர்கள் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்களாம். ஒன்றாகக் கொடுத்தால் கதை வேறு. அவர்களை ஒன்றாக உட்காரவைக்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நேபாளியும் பங்களாவும் தெரிந்த ஆள் வேணும், பொறுமை வேணும், வெள்ளிக்கிழமைகள் வேணும்.

நாங்கள் செய்தது என்னவென்றால், ஆளுக்கு 50 போட்டு 450-ஐ பத்து நிமிஷத்தில் அனுப்பினோம். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். ஹோட்டலில் டிப்ஸ் வைக்கிற மாதிரிதான் இருந்தது எனக்கு.

ஈஸ்டர் லீவில் அடுத்த முகாமாம். முன்பணம் 300 கட்டச் சொல்லி நண்பர் லிங்க் போட்டிருக்கிறார். நான் கட்டப் போவதில்லை. அதே சனி ஞாயிறு ஷார்ஜாவில் என் சித்தி வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்த 33-ஆம் எண் சட்டத்தைச் சம்பளம், பிடித்தம், பாஸ்போர்ட், மழை வெயில் என்று பிரித்துப் பேச்சுத் தமிழில் எழுதப் பார்க்கிறேன். ஆடியோவாகவும் பதிவு செய்யணும், படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. மலையாளி மாமா ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேபாளி தெரிந்த தோழர் யாராவது இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்க. ஹாலில் எட்டு பேர் உட்காரலாம், சித்தி பிரியாணி செய்வார். நண்பரே, உங்களுக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறேன்.