நாம் கேட்டு வாங்கிய இரண்டு மணி நேரம்

காலை 6 மணி முதல் 7 மணி வரை. இரவு 7 மணி முதல் 8 மணி வரை. தீபாவளியன்று தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி உள்ள நேரம் இவ்வளவுதான். 2018 முதல் அரசு இதை அறிவித்துவருகிறது. நாளிதழ்கள் அச்சிடுகின்றன, தொலைக்காட்சிகள் திரையின் அடியில் ஓட்டுகின்றன. அதற்குப் பிறகு நடப்பது ஊரறிந்தது. முந்தின நாள் அந்தி சாயும்போதே சரம் வெடிக்கத் தொடங்கிவிடும். விடிகாலை நான்கு மணிக்கு அணுகுண்டு. இரவு எட்டு மணிக்கு மேல்தான் தெருவே களைகட்டும். நள்ளிரவு தாண்டியும் ராக்கெட் பறக்கும். காவல் துறையின் ரோந்து வண்டி அந்தத் தெரு வழியாகவே போகும்; பெரும்பாலும் நிற்காது.

உச்ச நீதிமன்றத்தின் ஆணை ஒன்று ஆண்டுக்கு ஒரு நாள் மாநிலம் முழுக்கப் பகிரங்கமாக மீறப்படுகிறது. தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். கண்டனம் அரசுக்குத்தான் என்று வாசகர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். திரியில் நெருப்பு வைக்கும் கை நம் வீட்டுக் கை.

இந்த ஆணை எப்படி வந்தது என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். தலைநகர் டெல்லியில் மூச்சுத் திணறிய மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015-இல் அவர்களின் தந்தையர் தொடுத்த வழக்கு அது. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே வெடிக்கலாம். சரவெடி கூடாது. பேரியம் உப்பு கலந்த பட்டாசு கூடாது. பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம். தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை, எங்களுக்குக் காலையிலும் நேரம் வேண்டும் என்று நம் அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. நீதிமன்றம் அதை ஓரளவு ஏற்றது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, எந்த இரண்டு மணி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றது. ஆக, காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் யாரோ நம் தலையில் கட்டியவை அல்ல. நம் வழக்கத்தைச் சொல்லி, நம் பெயரால் கேட்டு வாங்கியவை. கேட்டு வாங்கியதையே காப்பாற்றாத அரசுக்கு அடுத்த முறை மரபின் பெயரால் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்கத் தகுதி இருக்கிறது?

அந்தத் தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. மீறல் நடந்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியே தனிப்பட்ட முறையில் பொறுப்பு. அது நீதிமன்ற அவமதிப்பு. 2021 அக்டோபர் 29 அன்று வந்த ஆணை அந்தப் பொறுப்பைத் தலைமைச் செயலாளர், உள்துறைச் செயலாளர் வரை மேலே ஏற்றியது. இத்தனை ஆண்டுகளில் எந்தத் தீபாவளியின் மீறலுக்கு எந்த அதிகாரி பொறுப்பேற்றார் என்று அரசு மக்களுக்குச் சொல்லியிருக்கிறதா? தீபாவளிக்கு மறுநாள் நமக்குக் கிடைப்பது, நேரம் தவறி வெடித்தவர்கள் மீது இத்தனை வழக்கு என்ற எண்ணிக்கைச் செய்தி ஒன்றுதான். ஒன்பது மணிக்குத் தெருமுனையில் லட்சுமி வெடி கொளுத்திய பையன் மாட்டிக்கொள்கிறான். அவனுக்குத் தடை செய்த சரக்கை விற்ற கடைக்காரர் மறு ஆண்டும் அதே இடத்தில் கொட்டகை போடுகிறார்.

கடைகளையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முன் மைதானங்களிலும் சாலையோரங்களிலும் முளைக்கும் தற்காலிகக் கடை ஒவ்வொன்றும் மாவட்ட நிர்வாகமோ காவல் துறையோ கொடுத்த உரிமத்தில் நடப்பது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் உண்டு. ஆகவே யார், எங்கே, என்ன விற்கிறார் என்பது அரசுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று சிவப்புச் சுருளாகச் சுற்றி வைத்திருப்பதை எந்தக் குழந்தையும் அடையாளம் காட்டும். அது தடை செய்யப்பட்ட சரவெடி. பசுமைப் பட்டாசுப் பெட்டியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான நீரியின் முத்திரையும் க்யூஆர் குறியீடும் இருக்க வேண்டும். எத்தனை கடைகளில் ஆய்வாளர் ஒருவர் கைபேசியை நீட்டி அந்தக் குறியீட்டைச் சரிபார்க்கிறார்? பசுமை என்ற பெயரை நம்பி அது புகையே வராத பட்டாசு என்று எண்ணுவோரும் உண்டு. வழக்கமான பட்டாசைவிடச் சுமார் 30 சதவீதம் மாசு குறைவு, அவ்வளவுதான். மீதி நம் நுரையீரலுக்குத்தான் வருகிறது.

பட்டாசுக்கு எதிராக எழுதினால் சிவகாசியின் வயிற்றில் அடிப்பதாகச் சொல்வார்கள். விருதுநகர் மாவட்டத்தின் மழையில்லாத கரிசல் மண்ணில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழில் அது. அதை மூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மக்களின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் 2012 செப்டம்பர் 5-ஐ மறந்திருக்க மாட்டார்கள். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அன்று மாண்டவர்கள் கிட்டத்தட்ட 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இடையிலும் பிறகும் நடந்தவற்றுக்குக் கணக்கில்லை. உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து என்று ஒவ்வொரு முறையும் அதே காரணங்களைக் கேட்கிறோம். தடை செய்த சரத்துக்குச் சந்தையில் விலை இருக்கும்வரை, எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் அல்லது குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து திரி பின்னிக்கொண்டுதான் இருப்பாள். விதிப்படி ஆலை நடத்துபவர் அவளைக் குறைந்த கூலிக்கு வைத்திருப்பவரோடு போட்டி போட முடியாமல் நொடிந்துபோவார். சட்டத்தை அமலாக்குவது சிவகாசிக்குச் செய்யும் கெடுதல் ஆகாது. அமலாக்காமல் விடுவதுதான் கெடுதல்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

மரபை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பட்டாசுக்காக உரத்துப் பேசுகிறவர்களைக் கேட்கிறோம்: தீபாவளி மரபில் உங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது என்ன? முந்தின இரவே வெந்நீர்த் தவலையைத் தேய்த்துக் கழுவி, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, நீர் நிரப்பி வைப்பார்கள். விடியுமுன் வீட்டின் மூத்தவர் மணையில் உட்கார வைத்து உச்சியில் நல்லெண்ணெய் வைப்பார். சீயக்காய் கண்ணில் பட்டு அலறாத பிள்ளை இருக்காது. குளித்து வந்ததும் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு இறக்கிய மருந்து அது; அன்று முழுக்கத் தின்னப்போகும் பலகாரத்துக்கு முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு. பிறகு மஞ்சள் தடவிய புதுத்துணி. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது, ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ இந்தக் காலையின் எந்தப் பகுதிக்கும் வெடிச் சத்தம் தேவைப்படவில்லை. 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரிடமிருந்து தொடங்குவது சிவகாசியின் பட்டாசுக் கதை. எண்ணெய்க் குளியலுக்கு அதைவிட எவ்வளவோ வயது அதிகம்.

வாசலுக்கு வந்து பாருங்கள். அரிசி மாக்கோலம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர். மாவிலைத் தோரணம் தொங்கிய நிலைப்படியில், மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் மாலை. பலகாரத்தட்டு அக்கம்பக்கம் போகும்போது எவர்சில்வர் தட்டில் துணி மூடிப் போனது. இப்போது பிளாஸ்டிக் பையில் போகிறது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பையும் தட்டும் கோப்பையும் இந்த மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை என்பதே பண்டிகை நாளில் யாருக்கும் நினைவில்லை. முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் கொட்டி, அது சாக்கடையை அடைத்த பிறகு மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியது பெற்றோரைப் பற்றி. வெடிதான் ஆபத்து, மத்தாப்பு குழந்தைக்கானது என்ற எண்ணத்தில், நான்கு வயதுப் பிள்ளையைப் பாம்பு மாத்திரைக்கு முன்னால் குத்தவைக்கிறார்கள். கொளுத்தியதும் கன்னங்கரேல் என்று சுருண்டு எழும் அந்தப் புகை நேரே பிள்ளையின் முகத்துக்குத்தான் போகிறது. 2016-இல் புனேயில் பட்டாசு வகைகளை அளந்து பார்த்த ஆய்வில், மிக நுண்ணிய தூசை அதிகம் கக்கியது சத்தமே போடாத இந்தப் பாம்பு மாத்திரைதான். கம்பி மத்தாப்பும் நல்ல பெயர் எடுக்கவில்லை. அதன் நுனியின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தொடும். ஐப்பசி விடியலில் காற்று அசையாமல் நிற்கும். புகை மேலே போகாது, குடியிருப்புகளுக்கு இடையே தரையோடு தங்கும். பக்கத்து வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கிறதா, எதிர்வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பத்தாயிரம் வாலாவைப் பரப்புவதற்குக் கொண்டாட்டம் என்று பெயர் வைக்க நமக்கு மனமில்லை. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதும் சட்டம். அதையும் நாம் மதிப்பதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். இரவு பெய்த தூறலில் இளஞ்சிவப்புக் காகிதத்தூள் தார்ச்சாலையோடு ஒட்டிக்கிடக்கும். துடைப்பத்துக்கு வராது. தூய்மைப் பணியாளர் ஒருவர் குனிந்து விரலால் சுரண்டுகிறார். கையில் உறை இல்லை. நடுவே வெடிக்காத அணுகுண்டு, உடைந்த பாட்டில், எச்சில் இலை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பட்டாசுக் குப்பை அபாயகரமான கழிவு. அதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்புவதாகச் சென்னை மாநகராட்சி சொல்கிறது. அந்தக் கழிவு அண்மை ஆண்டுகளில் 100 டன்னைத் தாண்டியிருக்கிறது. பிரித்துக் கொடுக்க வேண்டிய நாம் இன்னும் தூங்குகிறோம். தன் வீட்டுத் தீபாவளியை விட்டுவிட்டு வந்தவர் நம்முடையதைக் கூட்டுகிறார்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்கள் சிவகங்கை மாவட்டத்துக்குப் போய் வரட்டும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் அரை நூற்றாண்டாகப் பட்டாசு இல்லை. தீபாவளிக்கு மட்டுமல்ல, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. கண்மாய் மரங்களில் குஞ்சு பொரித்திருக்கும் நாரைகள் மிரண்டு பறந்துவிடக் கூடாது என்பதற்காக, யாரும் ஆணையிடாமல் ஊர் கூடி எடுத்த முடிவு. வனத்துறை அதிகாரிகள் ஆண்டுதோறும் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆசை உண்டு.

திறந்தவெளியில் ஒன்றுகூடி வெடியுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. எந்தத் திறந்தவெளி? அடுத்த தீபாவளிக்குள் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மைதானத்தை உள்ளாட்சி நிர்வாகம் பெயர் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். அங்கே தண்ணீர் லாரியும் மணல் வாளியும் குப்பைக்குத் தனித் தொட்டியும் அரசு செலவில் நிற்க வேண்டும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் முகக்கவசமும் இரட்டைச் சம்பளமும் மறுநாளைக்கு மாற்று விடுப்பும் எழுத்தில் உத்தரவாக வேண்டும். தற்காலிகக் கடைகளுக்கு விண்ணப்பம் வாங்கும்போதே நிபந்தனை போடுங்கள்: ஒரே ஒரு சரவெடிப் பெட்டி பிடிபட்டாலும் அன்றே கடைக்குப் பூட்டு, ஐந்தாண்டுக்கு உரிமம் இல்லை, சரக்கு எந்த ஆலையிலிருந்து வந்ததோ அந்த ஆலைக்கும் வழக்கு. தீபாவளி முடிந்த ஒரு வாரத்துக்குள், எந்தக் காவல் நிலைய எல்லையில் எத்தனை மீறல், அதற்கு அங்கே பொறுப்பு அதிகாரி யார், அவர் மீது என்ன நடவடிக்கை என்ற பட்டியலை உள்துறைச் செயலாளர் கையெழுத்திட்டு வெளியிட வேண்டும்.