விரதத்தில் உடலுக்கும் ஓர் இடம் வேண்டும்

தைப்பூசம் நெருங்க நெருங்க நம் இல்லங்களில் ஓர் ஒழுங்கு குடிபுகுந்துவிடுகிறது. புலால் விலகுகிறது. அதிகாலைக் குளியலும் திருநீறும் நாள்தவறாமல் நடைபெறுகின்றன. கட்டிலை விடுத்துத் தரையில் பாய் விரித்து உறங்கும் அன்பர்களும் உண்டு. இவ்வாறு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மனத்தையும் நாவையும் கட்டிக் காக்கும் பக்தர், பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கப்போகின்ற தம் கால்களைப் பற்றி மட்டும் ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆண்டு முழுவதும் அலுவலக நாற்காலியிலும் காரிலும் அமர்ந்தே பழகிய உடல் அது. பூசத்தன்று அதனைச் சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராட்டி, தோளில் காவடியையோ தலையில் பால்குடத்தையோ ஏற்றி, வெறுங்காலுடன் மலைமீது செலுத்துகிறோம். ஏறும்போது பக்தியின் வேகம் நம்மைத் தூக்கிச் சென்றுவிடும். இடர் பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் உடலின் முழுப் பாரமும் மடங்கிய ஒரு முழங்காலின்மேல் விழ, தொடைத் தசைகள் அதனைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது. பழக்கமற்ற தசை துவண்டால் மூட்டே அடி வாங்குகிறது. பூசத்துக்கு மறுநாள் சுவரைப் பற்றிக்கொண்டு நடக்கும் பெரியவர்களைத் தம் குடும்பத்தில் காணாதவர் நம்மில் யார்?

“முருகன் அருள் இருக்கையில் பயிற்சி எதற்கு?” என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆயினும், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை அட்டாங்க யோகத்துக்கே ஒதுக்கிய திருமூலர், உடம்பைப் பேணுவதை இறைநெறிக்குப் புறம்பானதாகக் கருதவில்லை என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? பிள்ளையார் சன்னதியில் நாம் இடும் தோப்புக்கரணமே கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அசைக்கும் பயிற்சியன்றோ! இன்று அதனையும் காதைத் தொட்டு இலேசாகக் குனிவதோடு முடித்துக்கொள்கிறோம்.

இந்நாட்டுக்கும் யோகத்துக்கும் உள்ள உறவு பழையது. பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913ஆம் ஆண்டில் மலாயா வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பணியாற்றி, 1923இல் தாயகம் திரும்பினார். அவரே ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் பத்துமலை வட்டாரத்திலேயே இருக்கிறது. அவருடைய சீடர் சத்தியானந்த சரசுவதி 1960களில் பீகாரின் முங்கேர் நகரில் நிறுவிய யோகப் பள்ளி, மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைக்கும் எளிய பயிற்சி வரிசையைத் தொடக்கநிலையினருக்கு முதற்பாடமாக வைத்தது. (நம் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தா வேறு, இவர் வேறு.)

நம் வகுப்புகளிலோ பலரும் முதல் நாளே சிரசாசனம் கேட்கிறார்கள். தலைகீழாக நிற்பதே யோகம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கால்விரலை மடக்கி நீட்டுவது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றுகிறது போலும். பிள்ளையார் சுழி போடாமல் கடிதம் எழுதாத நாம், உடலுக்கு மட்டும் அந்தச் சுழியை மறுக்கிறோம்.

அந்தத் தொடக்கப் பயிற்சிகளை இங்கே சொல்லிவிடலாம். காலையில் வெறும் வயிற்றுடன், தளர்ந்த உடையில், பாயின்மீதோ கம்பளத்தின்மீதோ கால்களை நீட்டி அமர்க. உணவு உண்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் கழியவேண்டும். மூச்சு மூக்கின் வழியே இயல்பாக ஓடட்டும். முதலில் கால்விரல்களைப் பத்து முறை மடக்கி நீட்டுக. அடுத்துப் பாதங்களை முன்னும் பின்னும் சாய்த்து, கணுக்காலை இருபுறமும் மெல்லச் சுழற்றுக. பின், ஒரு தொடையின் கீழ் இரு கைகளையும் கோத்து, அந்த முழங்காலை மடக்கி நீட்டுக. மறுகாலுக்கும் அவ்வாறே செய்க. மலையேறுவோர் இதனைத்தான் ஒருநாளும் விடலாகாது. உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து முழங்கால்களைப் பட்டாம்பூச்சியின் சிறகுபோல் மெதுவாக அசைத்தால் இடுப்பு மூட்டு இளகும். அவற்றைக் கையால் அழுத்தித் தரையைத் தொடவைக்க முயலவேண்டா.

காவடி எடுப்போர் தோளை மறக்கலாகாது. விரல் நுனிகளைத் தோள்மீது வைத்து முழங்கைகளால் பெரிய வட்டமிடுவது போதும். கழுத்தை இடமும் வலமும் திருப்பலாம், பக்கவாட்டில் சாய்க்கலாம். தலையைப் பின்னுக்குத் தள்ளி முழுச் சுற்றாகச் சுழற்றுவது பெரியவர்களுக்கு ஏற்றதன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனையைப் போல முதுகை உயர்த்தியும் தாழ்த்தியும் ஐந்தாறு முறை செய்தபின், சவாசனத்தில் ஐந்து நிமிடம் கிடந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம். சுருக்கென்ற வலி வந்தால் அக்கணமே நிறுத்தவேண்டும். பக்கத்துப் பாயில் இருப்பவரைப் பார்த்துப் போட்டியிடுவது பலருடைய முதுகைக் கெடுத்திருக்கிறது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உடையோர் மூச்சை அடக்குவதையும் தலைகீழ் நிலைகளையும் தவிர்க்கவேண்டும். கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். நீரிழிவுக்கு மருந்துண்போர் விரத நாட்களில் இன்னும் விழிப்பாயிருப்பது கடமை. ஒருவேளை உணவை விடுத்து, மருந்தை வழக்கம்போல் உண்டு, பயிற்சியும் செய்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும். விரதம் தொடங்குமுன்பே மருத்துவரிடம் சொல்வதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை.

ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். காவடிக்கும் பால்குடத்துக்கும் பெயர் பதிவு செய்யும்போதே, அந்த 48 நாளில் வாரம் இரு மாலைகள், பூசைக்கு முன் அரை மணி நேரம், இப்பயிற்சிகளைத் தகுந்த ஆசிரியரைக்கொண்டு மண்டபத்தில் நடத்துங்கள். திருமணம் இல்லாத நாட்களில் அம்மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. ஒலிபெருக்கியும் வேண்டா, மேடையும் வேண்டா. பாயை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்.